அங்கன்வாடிக்கு இன்னொரு டீச்சர் வேணும்

பால்வாடில என்னத்த சொல்லிக் குடுத்துடப் போறாங்க, சத்துமாவு வாங்கிட்டு வந்தா போதும்னு எங்க ஏரியாவுல சாதாரணமா பேசிக்கிறாங்க, கேக்கும்போதெல்லாம் மனசு ஆறவே மாட்டேங்குது.

அமெரிக்கால மிச்சிகன் பக்கம் இப்சிலாண்டினு ஒரு ஊரு, 1962ல பெர்ரி ப்ரீஸ்கூல்னு ஆரம்பிச்சாங்க. ஏழைக் கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளைங்க 123 பேரு, அதுல 58 பேருக்கு மட்டும் தினம் காலைல ரெண்டரை மணி நேரம் வகுப்பு, வாரம் ஒருதடவ டீச்சரே வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட பேசிட்டு வருவாங்க. கொஞ்ச வருஷத்துல வகுப்புக்குப் போனவங்க, போகாதவங்க ரெண்டு குரூப்புக்கும் ஐக்யூ, அதான் புத்திக்கூர்மை டெஸ்ட் மார்க், ஒண்ணாயிடுச்சு. அதோட விட்டிருந்தா வேஸ்ட்னு ஃபைல மூடியிருப்பாங்க, ஆனா 40 வயசு வரைக்கும் விடாம போய்ப் பாத்தாங்க, வகுப்புக்குப் போனவங்க சம்பாத்தியம் அதிகம், போலீஸ் கேஸ்ல மாட்டினது கம்மி. பொருளாதாரத்துல நோபல் வாங்குன ஜேம்ஸ் ஹெக்மேன் கணக்குப் போட்டு, செலவு பண்ணின காசுக்கு வருஷத்துக்கு 7லேருந்து 10 சதவீதம் திரும்ப வந்திருக்குன்னாரு. பொறுமையா உக்கார, கோவத்த அடக்க, எடுத்தத முடிக்கப் பழகினதுதான் கடைசி வரைக்கும் கூட வந்திருக்கு, மார்க் இல்ல.

அது அமெரிக்கா, இங்க நடக்குமான்னு கேப்பீங்க. நடந்திருக்கு, நம்ம தமிழ்நாட்டுலயே. பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் கூட ரெண்டு பேரும் நாலு மாவட்டத்துல 320 அங்கன்வாடிய எடுத்து, குலுக்கல் மாதிரி பாதி சென்டருக்கு மட்டும் அரைநாள் வேலைக்கு கூட ஒரு ஆள் போட்டுப் பாத்தாங்க, பாடம் சொல்லிக் குடுக்குறது மட்டும்தான் அவங்க வேலை. ஒன்றரை வருஷத்துல அந்தப் பிள்ளைங்க கணக்குலயும் தமிழ்லயும் நல்லா முன்னேறியிருந்தாங்க. அதவிட பெரிய விஷயம், வளர்ச்சிக் குறைவும் மோசமான சத்துக்குறைவும் குறைஞ்சிருந்துச்சு, ஏன்னா பழைய டீச்சருக்குப் பிள்ளைங்க உடம்பு, சாப்பாடு கவனிக்கிற வேலையப் பாக்க நேரம் கிடைச்சுது.

எந்த சென்டருக்கு வேணா காலைல பதினோரு மணிக்குப் போய்ப் பாருங்க. டீச்சர் ஒரு கையில ரெஜிஸ்டர், இன்னொரு கையில செல்போன், எடை போட்டத ஆப்ல ஏத்தணும், நடுவுல கர்ப்பிணி ஒருத்தங்க மாவு வாங்க வந்து நிப்பாங்க, ஆயா அடுப்படியில, பாய்ல உக்காந்திருக்க மூணு வயசுக் குழந்தை கலர் அட்டையத் தூக்கிக் காட்டிட்டே இருக்கும். யாரு பாக்குறது? அவங்க மேல குத்தமே இல்ல, ஒரு ஆளு எத்தன வேலைதான் பாப்பாங்க.

காலேஜுக்கும் லேப்டாப்புக்கும் செலவு பண்ண வேணாம்னு சொல்லல, ஆனா பட்ஜெட்ல முதல் காசு இந்தப் பாய்ல உக்காந்திருக்க பிள்ளைக்குப் போகணும். காலியா கெடக்குற போஸ்டிங்க மொதல்ல நிரப்புங்க, அப்புறம் சென்டருக்கு ஒரு அரைநாள் டீச்சர் போடுங்க. உங்க ஊர் கவுன்சிலர், எம்எல்ஏ வர்றப்ப ரோடு, தண்ணியோட இதையும் சேத்துக் கேளுங்க.