மாமாவின் கோடுபோட்ட சட்டையும் என் கமராவும்
ஹட்டனில் நடந்த அக்கா மகளின் கல்யாண வீடியோவில், மாப்பிள்ளையின் தாய்மாமன் அணிந்திருந்த நுண்கோடுகள் போட்ட சட்டை பச்சையும் ஊதாவுமாக நெளிந்துகொண்டே இருக்கிறது. 6000 புள்ளி அகலமுள்ள சென்சரை முழுதாக வாசிக்காமல், வரிகளைத் தாண்டித் தாண்டி 1920 புள்ளிக்குச் சுருக்கும் என் மிரர்லெஸ் கமராவுக்கு அந்த நெருக்கமான கோடுகள் பிடிபடுவதில்லை. பிடிபடாதவை, சட்டையில் இல்லாத அலைகளாகத் திரும்பி வருகின்றன. லயத்துத் தகரக் கூரையின் விளிம்போ, கமரா சற்று அசைந்தாலே படிக்கட்டாகி மினுங்குகிறது. நுண்கோடுகளைச் சற்றே மங்கவைத்து இந்த அலைகளைக் குறைக்கும் வடிகட்டி ஒன்று சென்சரின் முன்னிருக்கும்; படம் கூர்மையாக வரவேண்டுமென்று கமரா செய்தவர்கள் அதையும் எடுத்துவிட்டார்கள். யார் கேட்டது அந்தக் கூர்மையை? ஓரடி பின்வாங்கினால் சட்டை அடங்குகிறது, சேலைச் சரிகை கிளம்புகிறது. ஃபோகஸைத் தளர்த்தினால் மாமாவின் முகமும் சேர்ந்து மங்குகிறது. தாலி கட்டும் நேரத்தில் அவரிடம் சட்டையை மாற்றச் சொல்லவா முடியும்? எடிட்டிங்கில் நிறத்தைக் குறைத்துப் பார்த்தேன்; இப்போது அலை சாம்பல் நிறத்தில் நெளிகிறது.