மீன் மிச்சம் வைத்த தீனி குள்ளத் தவளைக்குப் போதாது

“ஆப்பிரிக்கக் குள்ளத் தவளையை மீன் தொட்டியிலேயே விடலாம், மீன் தின்று கீழே விழும் மிச்சமே அதற்குப் போதும்” என்று பலர் சொல்கிறார்கள். சில கடைக்காரர்களும்தான். இது தவறு. அப்படி விட்டால் தவளை பட்டினியில் மெலிந்து செத்துப்போகும்.

இதற்கு நாக்கு கிடையாது. வாயைத் திறந்து தண்ணீரோடு இரையை உறிஞ்சி, முன்கால்களால் உள்ளே தள்ளும். பார்வையும் மந்தம்; வாசனையை வைத்துத்தான் தேடும். அது தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கப்பி, டெட்ரா போன்ற மீன்கள் எல்லாவற்றையும் காலி செய்துவிடும். மிதக்கும் ஃப்ளேக்கை (செதில் மீன் தீனியை) அது பெரும்பாலும் இரையாகவே மதிப்பதில்லை.

உறைந்த ப்ளட்வார்ம் (சிவப்புப் புழு) கட்டியில் சிறு துண்டைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, நீளமான பிப்பெட்டால் (உறிஞ்சு குழாயால்) தவளையின் மூக்கருகே விடுங்கள். எப்போதும் ஒரே இடத்தில், சின்ன மண்தட்டின் மேல் விட்டால் அங்கேயே வந்து காத்திருக்கப் பழகிவிடும். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள். அரைமணியில் தின்னாததை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். அழுகினால் தண்ணீரில் அம்மோனியா என்ற நச்சு ஏறும். மேலிருந்து பார்க்கையில் இடுப்பெலும்பு துருத்தினால் இரை எட்டவில்லை. பந்துபோல் உப்பினால் அது கொழுப்பல்ல, பெரும்பாலும் உடம்பில் நீர் கோத்திருக்கும், தீனியைக் கூட்டாதீர்கள்.

வாங்கும்போது முன்கால் விரல்களைப் பாருங்கள். இடையில் சவ்வு இல்லாவிட்டால் அது நகத்தவளை என்ற வேறு இனம், 10 செ.மீ.க்கு மேலும் வளர்ந்து மீனையே விழுங்கும்.

தொட்டியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். 2008–2011இல் அமெரிக்காவில் இந்தக் குள்ளத் தவளைகள் வழியாக வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி பரவியது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். தொட்டித் தண்ணீரைச் சமையலறை சிங்கில் கொட்டவே கூடாது.