எனக்கு ஒரு ராத்திரி தரக்கூடாதா?

சுங்கை சிப்புட்டில் ஒரு மனுசன் நிம்மதியாகப் பசியாற முடியுதா? நேற்று ராத்திரிதான் ‘ஷெர்லாக்’ துப்பறியும் டிவி தொடரின் இரண்டாம் சீசனை முடித்தேன். துப்பறிவாளர் ஷெர்லாக் லண்டனில் ஆஸ்பத்திரிக் கூரையிலிருந்து குதிக்கிறார். கல்லறை முன்னால் அவருடைய நண்பர் வாட்சன் கலங்கி நிற்கிறார், எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கடைசி நொடியில் பார்த்தால், தூரத்தில் ஷெர்லாக் உயிரோடு நிற்கிறார்! எப்படித் தப்பித்தார்? அதை நானே யோசிக்க வேண்டாமா?

காலையில் ஒட்டுக்கடையில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். தே தாரேக் வருவதற்குள் ஆளுக்கொரு விளக்கம். லோரிதான் காப்பாற்றியதாம். இல்லை, கீழே கிடந்தது வேறு பிணமாம். செம்பனைத் தோட்டத்து மாமா, “அடுத்த சீசன்ல என்னான்னா...” என்று ஆரம்பிக்கிறார். காதைப் பொத்தினாலும் விடமாட்டேன் என்கிறார்!

2012 ஜனவரியில் பார்த்தவர்களுக்கு யோசிக்க 2014 வரை நேரம் இருந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருசம்! எனக்கு ஒரே ஒரு ராத்திரி கொடுத்தால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்?