கன்னிமாரா பிரபு நூலகத்தைத் திறந்து வைத்தாரா?

எழும்பூர் கன்னிமாரா நூலகத்தை 1896இல் ஆளுநர் கன்னிமாரா பிரபு திறந்து வைத்தார் என்று நூலகத்தின் படத்தோடு ஒரு பதிவு வந்திருக்கிறது; பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். ஆண்டு சரி. ஆனால் அப்போது அவர் ஆளுநர் இல்லை.

1890 மார்ச் 22 அன்று அடிக்கல் நாட்டியவர்தான் கன்னிமாரா. அந்த ஆண்டு இறுதியிலேயே அவருடைய பதவிக்காலம் முடிந்துவிட்டது. அடுத்து வந்தவர் வென்லாக் பிரபு. கட்டடம் 1896 டிசம்பர் 5 அன்று திறக்கப்பட்டபோது ஆளுநராக இருந்தவர் ஆர்தர் ஹேவ்லாக். அடிக்கல் நாட்டியவர் பெயரே நூலகத்துக்கு வைக்கப்பட்டதால் இந்தக் குழப்பம் வருவது இயல்புதான்.

சரிபார்ப்பது சுலபம். சென்னை மாகாண ஆளுநர்கள் பட்டியலை எடுத்து, கன்னிமாராவுக்கு நேரே உள்ள ஆண்டுகளைப் பாருங்கள்: 1886 முதல் 1890 வரை. அப்புறம் நூலகத்தின் வரலாற்றுக் குறிப்பில் அடிக்கல் நாள், திறப்பு நாள் இரண்டையும் அதனோடு ஒப்பிடுங்கள்.

அந்தப் பதிவின் படத்தில் இருக்கும் வண்ணக் கண்ணாடி சன்னல்கள் அந்தப் பழைய கட்டடத்தினுடையவைதான். அவ்வளவு அழகான படத்தோடு பரவுவதால், பதிவிட்டவர் அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிட்டால் நன்றாக இருக்கும்.