விளையாடவா, எடுத்து வைக்கவா? முதலில் அதை முடிவு பண்ணுங்க

குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குக் கையாலேயே ஏதாவது செய்து கொடுக்கணும்னு நினைக்கிற அம்மாக்கள், அத்தைகள், அமுச்சிகள் (அம்மாவைப் பெற்ற பாட்டிகள்) நம்ம கொங்குப் பக்கம் நிறையப் பேர் இருக்காங்க. ஆசையும் உழைப்பும் எள்ளளவும் குறைவதில்லை. ஆனாலும் செய்த பொருள் இரண்டு வருடத்தில் பூசணம் பிடித்தோ, நிறம் போயோ, பிரிந்தோ பரணுக்குப் போய்விடுகிறது. இதற்குக் கைத்திறனைக் குறை சொல்ல மாட்டேன். குழந்தை அதை வைத்து விளையாடவும் வேண்டும், அதே குழந்தையின் கல்யாணத்தன்றைக்கு பீரோவிலிருந்து எடுத்துக் காட்டவும் வேண்டும் என்று ஒரே பொருளிடம் இரண்டையும் கேட்கிறோம். சிக்கல் அங்கேதான்.

விளையாட்டுச் சாமான் என்றால் வாயில் வைப்பார்கள், இழுப்பார்கள், வாரம் ஒருமுறை துவைக்க வேண்டும். எடுத்து வைக்கும் பொருளுக்கு ஈரம், வெயில், பசை மூன்றும் ஆகாது. அதனால் துணியை வெட்டும் முன்பே எது என்று முடிவு செய்துவிடுங்கள். துணி, நூல், வண்ணம் எல்லாமே அதைப் பொறுத்து மாறும்.

விளையாடக் கொடுக்கும் பொம்மையை முதலில் பார்ப்போம். 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) தரச் சான்று கட்டாயம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளுக்கு அதில் ஒரு சோதனை உண்டு. பொம்மையிலிருந்து கழன்று வரக்கூடிய எந்தப் பாகமும் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு குழாய்க்குள் முழுதாக அடங்கிவிடக் கூடாது. கிட்டத்தட்ட ஒன்றேகால் அங்குலம். வீட்டில் தைக்கும் பொம்மைக்கு யாரும் சான்று கேட்கப் போவதில்லை, ஆனால் குழந்தையின் தொண்டை அதேதான். எனவே பட்டன் கண், மணி, சமிக்கி, சலங்கை எதுவும் வேண்டாம். எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் எச்சிலில் ஊறி ஊறி நூல் இற்றுப்போகும். கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் நூலாலேயே எம்பிராய்டரி போடுங்கள். தொங்கும் நாடா, வால், சடை எதுவும் ஒரு சாணுக்கு மேல் போக வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

பன்னிரண்டு அங்குல உயரத்தில் ஒரு பொம்மைக்குக் குழந்தையின் பழைய உடுப்பு இரண்டு மூன்று போதும். சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் தையலுக்கு விட்டு, ஒரே கோட்டின் மேல் இரண்டு தடவை ஓட்டுங்கள். திருப்புவதற்கு விடும் வாய் இரண்டரை அங்குலம், அது இடுப்புப் பக்கமாக இருக்கட்டும். குழந்தை தலையையும் காலையும் பிடித்துத்தான் இழுக்கும், அங்கே கைத்தையல் இருந்தால் முதலில் பிரிவது அதுதான். கழுத்து, கக்கம் போல வளைகிற இடங்களில் தையலுக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்பு வரை கத்தரியால் சிறு வெட்டு கொடுக்காவிட்டால், திருப்பிய பிறகு கழுத்து சுருங்கிச் சுருங்கி நிற்கும்.

உள்ளே எதை அடைப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். திருப்பூர்க்காரர்களுக்குக் கட்டிங் வேஸ்ட், அதாவது பனியன் கம்பெனியில் வெட்டிக் கழித்த துணித் துண்டு, கிலோக் கணக்கில் கிடைக்கும், உடனே அதையே திணித்துவிடுவார்கள். பொம்மை கல் மாதிரி கனக்கும். துவைத்தால் நடுவில் ஈரம் நின்று மூன்றாம் நாள் நாறும். இலவம்பஞ்சு தலையணைக்கு அருமையான சரக்கு, ஆனால் நனைந்தால் கட்டி கட்டியாகத் திரளும். துவைக்கிற பொம்மைக்கு ஏற்றது தலையணைக்குள் அடைக்கிற பாலியஸ்டர் ஃபைபர்தான், இந்த அளவுக்கு 150 முதல் 200 கிராம் பிடிக்கும். சிறு சிறு பிடியாக, கை கால் நுனியிலிருந்து ஆரம்பித்து அடையுங்கள். பெரிய பிடியாகத் தள்ளினால் உள்ளே முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படும். இன்னொன்று: ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் தொட்டிலிலோ படுக்கையிலோ பொம்மை, தலையணை, தடித்த போர்வை எதுவும் வேண்டாம், மூச்சை அடைக்கும். விளையாடும் நேரம் முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஒட்டுத்துணிப் போர்வை. குழந்தையின் முதல் வருட உடுப்புகளை அப்படியே மூட்டை கட்டி வைப்பதைவிட இதைச் செய்வதே மேல் என்பது என் உறுதியான கருத்து. பனியன் துணியாச்சே, தைக்க வராதே என்று பயப்படுவார்கள். பயம் நியாயமானது, ஆனால் காரணம் தெரிந்தால் சமாளித்துவிடலாம். ஜப்லாவின் துணியைப் புரட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தால் அது இன்டர்லாக். வெட்டிய பிறகும் அடங்கி நிற்கும். முன்பக்கம் சின்னச் சின்ன 'வி' வரிசையும் பின்பக்கம் வளைய வளையமாகவும் தெரிந்தால் அது சிங்கிள் ஜெர்ஸி. வெட்டின கணமே ஓரம் சுருண்டுவிடும். அதனால் சிங்கிள் ஜெர்ஸியை வெட்டிவிட்டு ஒட்டாதீர்கள், ஒட்டிவிட்டு வெட்டுங்கள். அயர்ன் பண்ணினால் ஒட்டிக்கொள்ளும் கேன்வாஸில் இருப்பதிலேயே மெல்லியதாகக் கேட்டு வாங்கி, துணியின் பின்பக்கம் வைத்து, அயர்ன் பெட்டியைத் தேய்க்காமல் ஓர் இடத்தில் பத்துப் பன்னிரண்டு நொடி அழுத்தி எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள். தேய்த்தால் துணி இழுபட்டு, சதுரம் கோணலாகிவிடும்.

அளவு இப்படி: ஐந்து அங்குலச் சதுரங்கள், தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் போக நான்கு அங்குலம் நிற்கும். குறுக்கே 7, நெடுக்கே 9 என 63 சதுரங்கள் வைத்தால் 28க்கு 36 அங்குலப் போர்வை. பிறந்த குழந்தையின் ஜப்லாவில் ஒரு சதுரம்தான் தேறும், ஆறு மாதத்து உடுப்பில் இரண்டு மூன்று. 63ம் உடுப்பிலேயே வேண்டும் என்று அடம்பிடித்தால் தேறாது. 32 சதுரம் உடுப்பிலிருந்தும் 31 சதுரம் அப்பத்தாவின் பழைய நூல்சேலையிலிருந்தும் எடுத்து ஒன்றுவிட்டு ஒன்றாக வையுங்கள். பனியன் துணிக்குப் பக்கத்தில் நெய்த துணி வந்தால் இழுவையும் கட்டுப்படும், இரண்டு தலைமுறை ஒரே துணியிலும் வந்துவிடும். தையல் விட்டு விட்டு விழுந்தால் மெஷினைக் குறை சொல்லாதீர்கள், ஊசியை மாற்றுங்கள். பனியனுக்கு முனை உருண்ட பால் பாயின்ட் ஊசி, 11ஆம் நம்பர். சாதா ஊசி இழையை அறுத்து ஓட்டை போடும், நாலு துவையலில் ஓட்டை பெரிதாகும்.

பின்பக்கத்துக்கு சென்னிமலைப் போர்வைத் துணி மெல்லிய ரகமாகப் பார்த்து எடுங்கள், வெட்டும் முன் ஒரு தடவை நனைத்து உலர்த்திவிட வேண்டும். அது பிறகு சுருங்கினால் முன்பக்கம் முழுதும் அலை அலையாகிவிடும். பவானி ஜமுக்காளத்தையே பின்பக்கமாகப் போட ஆசைப்படுபவர்களும் உண்டு, வீட்டு மெஷினுக்கு அந்தக் கனம் ஆகாது. ஜமுக்காளம் குழந்தையை உட்கார வைத்துக் கேக் வெட்ட இருக்கட்டும். நம்ம ஊர் வெயிலுக்கு நடுவில் பஞ்சு அட்டை தேவையில்லை, பழைய நூல்சேலை ஒரு மடிப்பு போதும். மூன்று அடுக்கையும் சேர்த்து, நான்கு அங்குலத்துக்கு ஒரு வரிசை ஓட்டுத்தையல் போடுங்கள். போடாவிட்டால் துவைத்ததும் நடுத்துணி ஒரு மூலையில் போய்ச் சுருண்டு கிடக்கும். சிவப்பு, கருநீலத் துணிகளை மட்டும் முன்கூட்டியே சோதிக்க வேண்டும். ஈர வெள்ளைத் துணியை மேலே வைத்து அயர்ன் பண்ணி, சாயம் இறங்கினால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

இனி எடுத்து வைக்கும் பொருட்கள். எல்லோரும் முதலில் கேட்பது கைத்தடம், கால்தடம்தான். இன்றைக்கு அதிகம் பரவியிருப்பது உப்பு மாவு முறை: மைதா இரண்டு கப், தூள் உப்பு ஒரு கப், தண்ணீர் முக்கால் முதல் ஒரு கப். செய்வது சுலபம்தான், ஆனால் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஐப்பசி அடைமழையில் பளபளவென்று வியர்த்து, மெத்தென்றாகி, ஓரம் உதிர ஆரம்பிக்கும். மேலே வார்னிஷ் அடித்தாலும், உள்ளே தங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பூசணமாக வெளிப்படும். எறும்பும் எலியும் தனிக்கதை.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் குழந்தையின் கையை நேரடியாக வைக்கவே கூடாது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். அது இறுகும்போது சூடாகும், கனமாக ஊற்றினால் 60 டிகிரி வரை போகும், இறுகிவிட்டால் கையை உருவவும் முடியாது. பிளாஸ்டர்தான் வேண்டும் என்றால் முதலில் களிமண்ணிலோ பிசைந்த மாவிலோ காலைப் பதித்து எடுத்துவிட்டு, குழந்தையைத் தள்ளிக் கொண்டுபோன பிறகு அந்தப் பள்ளத்தில் ஊற்றுங்கள். தண்ணீர் ஒரு பங்கு, பவுடர் இரண்டு பங்கு. தண்ணீரில் பவுடரைத் தூவ வேண்டும், பவுடரில் தண்ணீரை ஊற்றினால் கட்டி விழும். மிச்சத்தை சிங்க்கில் கொட்டினால் குழாய்க்குள் போய் இறுகிக்கொள்ளும்.

இவற்றையெல்லாம்விட நல்ல வழி நம்ம ஊரிலேயே இருக்கிறது. கோயிலுக்கு உருவாரம் (நேர்த்திக்கடனுக்கு வைக்கும் மண்பொம்மை) செய்து கொடுக்கிற குயவர்களிடம் பிசைந்து பதமாக்கிய மண் கேளுங்கள். கல், வேர் பொறுக்கி, காற்றுக் குமிழி இல்லாமல் மிதித்த மண் அது. வீட்டில் அந்தப் பதம் வராது. ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, குழந்தை பால் குடித்துத் தூங்கும்போது பதியுங்கள். ஆறு மாதத்துக்குள் என்றால் கையை விட்டுவிடுங்கள், முஷ்டி பிரியாது. கால்தான் சுத்தமாகப் பதியும். தொங்கவிடும் ஓட்டை, பெயர், தேதி எல்லாம் மண் ஈரமாக இருக்கும்போதே ஈர்க்குச்சியால் போட்டுவிட வேண்டும். முதல் இரண்டு நாள் மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் மூடி, பிறகு நிழலில் ஒரு வாரம் பத்து நாள் விடுங்கள். வெயிலில் வைத்தால் மேல்பக்கம் முந்திக் காய்ந்து கிண்ணம்போல வளைந்து, நடுவில் விரியும். நன்றாகக் காய்ந்ததும் அவர்கள் சூளை வைக்கும்போது சேர்த்து வைத்துத் தரச் சொல்லுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடிக்கும், பக்கத்தில் இருக்கும் அவர்கள் சரக்கையும் கெடுக்கும். அதனால் அவசரப்படுத்தாதீர்கள். வெந்த மண் கொஞ்சம் சுருங்கித்தான் வரும், தடம் நிஜக் காலைவிடச் சிறியதாக இருக்கும்.

சூளை பக்கத்தில் இல்லாதவர்களுக்குக் கைக்கோடு எம்பிராய்டரி. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். 85க்கு 30 சென்டிமீட்டரில் நனைத்து உலர்த்திய கைத்தறித் துணி ஒன்று. அதில் 15 சென்டிமீட்டர் அகலத்தில் ஐந்து கட்டம், ஒரு பிறந்தநாளுக்கு ஒரு கை. வருடத்துக்கு வருடம் கை கொஞ்சம்தான் நீளும், அதனால் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால் கோடுகள் ஒட்டிக் குழம்பும், பக்கத்தில் பக்கத்தில்தான் வரைய வேண்டும். குழந்தை தூங்கும்போது காகிதத்தில் பென்சிலை நேராகப் பிடித்து வரையுங்கள், சாய்த்தால் விரல் ஒருபக்கம் பருத்துத் தெரியும். பிறகு ஜன்னல் கண்ணாடியில் வைத்துத் துணிக்கு மாற்றலாம். அயர்ன் பண்ணினால் மறையும் பேனா வேண்டவே வேண்டாம், குளிர் பட்டால் அந்தக் கோடு திரும்ப வரும். ஆறு இழை நூலில் இரண்டு இழை பிரித்து, 40 சென்டிமீட்டர் நீளம் எடுத்துப் பின்தையல் (ஒவ்வொரு தையலும் முந்தையது முடிந்த இடத்துக்கே திரும்பி வருவது) போடுங்கள். விரல் நுனி வளைவில் இரண்டு மில்லிமீட்டர்த் தையல், நேர்க்கோட்டில் நாலு. ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் துணியை மாட்டிய எம்பிராய்டரி வளையத்தைக் கழற்றிவிடுங்கள், அப்படியே விட்டால் வட்ட அழுக்கு போகவே போகாது.

மஞ்சள் குழைத்துத் துணியில் கை பதிக்கும் வழக்கமும் இருக்கிறது. ஈரோட்டு மஞ்சளே ஆனாலும் வெளிச்சத்துக்கு நிறம் நிற்காது, சில மாதத்தில் வெளிறிவிடும். சடங்குக்கு மஞ்சள், சேமிக்க நூல். தொப்புள்கொடியையும் முதல் முடியையும் ரெசினுக்குள் (ஊற்றினால் கண்ணாடிபோல இறுகும் பிசின்) பதித்து வைப்பதை வீட்டில் செய்யாதீர்கள். இறுகாத ரெசின் தோலுக்கு ஒவ்வாமை தரும், காலப்போக்கில் மஞ்சளிக்கவும் செய்யும். வெள்ளித் தாயத்தில் அடைத்து வைத்த நம் பாட்டிமாரின் வழியே போதும்.

கர்ப்பகால ஸ்கேன் படத்தைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் அந்தச் சின்னக் கருப்பு வெள்ளைப் படம் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாள். வைத்திருந்தாலே வெளிறும். பத்திரப்படுத்துவதாக நினைத்து லேமினேஷன் போட்டால் அந்தச் சூட்டிலேயே முழுதும் கறுத்துவிடும். இன்றைக்கே அந்தப் படத்தை ஸ்கேனரில் நகல் எடுத்து, சாதாரண போட்டோத் தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். அதை ஆல்பத்தில் ஃபெவிகால் தடவி ஒட்டாதீர்கள், நெளியும். செல்லோடேப் பழுப்பேறும். நாலு மூலைக்கும் காகித முக்கோணம் ஒட்டி அதில் செருகினால் எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம்.

அலங்காரத்துக்கு பலூன் வளைவைவிடத் துணித் தோரணம் நல்லது. வெடித்த பலூன் துண்டு சிறு குழந்தையின் தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கடினம். தோரணத்தில் வருடம் ஒரு முக்கோணம் சேர்த்துக்கொண்டே போகலாம், கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

முதல் பிறந்தநாள் பட்டுப்பாவாடையை நீலம், கஞ்சி எதுவும் போடாமல் துவைத்த பழைய வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி வையுங்கள். கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சி தேடி வரும், பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஈரம் அடைபட்டு ஜரிகை கறுக்கும். வருடம் ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள். பாச்சை உருண்டை மட்டும் வேண்டாம். அதில் பெரும்பாலும் இருப்பது நாப்தலீன். ஜி6பிடி என்னும் என்சைம் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்த வாடை ஏறிய துணியே இரத்த அணுக்களை உடைத்து மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும். குறைபாடு இருப்பது பலருக்குச் சோதிக்கும்வரை தெரியாது. அடுத்த குழந்தைக்கு அந்தத் துணியை எடுத்துப் போடுகிற வீடுகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். காய்ந்த வேப்பிலையும் வசம்பும் துணி முடிப்பில் கட்டி, குழந்தை கைக்கு எட்டாத தட்டில் வைத்தால் போதும்.

கடைசியாக நேரக் கணக்கு. முதல் பிறந்தநாளுக்கு வேண்டும் என்றால் போர்வைக்குப் பத்தாம் மாதமே உடுப்புகளைப் பிரித்து வையுங்கள், மண் தடத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே குயவரிடம் சூளை எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் சூளை தள்ளிப்போகும், ஐப்பசி, கார்த்திகையில் பிறந்த குழந்தைகளுக்குப் புரட்டாசிக்குள்ளேயே பதித்துவிடுவது நல்லது.