நிறைவேற்ற மறுத்தவருக்கு எதற்கு மாலை?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நண்பர் பேசியதை நீங்களும் நேரலையில் பார்த்திருப்பீர்கள். அடிமைகளின் விடுதலைக்காக கொஷ்ச்சியூஷ்கோ எழுதிய உயிலைச் சொல்லி, அதை அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவரும் அடிமைகளை வைத்திருந்தவருமான ஜெஃபர்சனின் பெருந்தன்மைக்குச் சான்றாக்கிவிட்டார். அரங்கமே கைதட்டியது. எனக்கு இன்னும் மனது ஆறவில்லை.

உயில் எழுதியவர் பெரிய மனிதர், ஒப்புக்கொள்கிறேன். நிறைவேற்ற மறுத்தவருக்கு எதற்கு மாலை?

அமெரிக்க விடுதலைப் போரில் அரண்கள் அமைத்துக் கொடுத்த போலந்துப் படைவீரர் கொஷ்ச்சியூஷ்கோ. சம்பள பாக்கி வெகுகாலம் கழித்துத்தான் கைக்கு வந்தது. 1798இல் அந்தப் பணத்துக்கு உயில் எழுதினார்: அடிமைகளை விலைக்கு வாங்கி விடுதலை செய்யுங்கள், தொழில் கற்றுக்கொடுங்கள், உங்களிடம் இருப்பவர்களையே வாங்கினாலும் சரி. பொறுப்பை ஒப்படைத்தது ஜெஃபர்சனிடம். 1817 அக்டோபரில் சுவிட்சர்லாந்தில் அவர் இறந்தபோது சுமார் 17,000 டாலர் இருந்தது. 1819 மே மாதம் ஜெஃபர்சன் நீதிமன்றம் போனார், உயிலைத் தாக்கல் செய்தார், நிறைவேற்றும் பொறுப்பு தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

‘76 வயது, பாவம்’ என்பீர்கள். அதே ஆண்டு அதே பாவப்பட்ட மனிதர் வர்ஜீனியாவில் ஒரு பல்கலைக்கழகத்தையே கட்டிக்கொண்டிருந்தார். செங்கல்லுக்கு இருந்த தெம்பு இதற்கு மட்டும் இல்லை.

‘1816இல் பாரிசில் எழுதிய உயில் பழையதை ரத்து செய்ததே’ என்று சட்டம் படித்தவர்கள் வருவார்கள். வரட்டும். சாவதற்கு முந்தைய மாதம்கூட, என் பணம் எதற்கு என்பது உங்களுக்குத் தெரியும், அதில் மாற்றமில்லை என்று ஜெஃபர்சனுக்குக் கடிதம் போட்டவர் அவர். எனக்கு அது போதும்.

எங்கள் அத்தை கடைசிக் காலத்தில், தன்னைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு வீட்டின் பின்கட்டைக் கொடுக்கச் சொல்லி முத்திரைத்தாளில் எழுதிவைத்தார். சாட்சிக் கையெழுத்தெல்லாம் சரியாகவே இருந்தது. பொறுப்பேற்றிருந்த பெரியவர் அதைப் படித்தார், நான்காக மடித்து பீரோவில் வைத்தார். ‘நமக்கெதற்கு வம்பு’ என்றார். கெட்டவர் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். இப்போது பின்கட்டில் வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள். அந்தப் பெண் தெருவில் என்னைப் பார்த்தால் இன்னமும் ‘நல்லா இருக்கீங்களாண்ணா’ என்றுதான் கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

‘சொந்தக் கதையை வரலாற்றில் நுழைக்கிறான்’ என்று எழுதப்போகிறீர்கள். எழுதுங்கள். ஏமாந்தவர்களுக்குத்தான் இந்த வரலாறு சட்டென்று புரிகிறது.

அங்கேயும் கடைசியில் சொந்தக்காரர்கள்தான் வென்றார்கள். 1852இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பணம் அவருடைய சகோதரிகளின் வாரிசுகளுக்கே என்றது. அதற்குள் பெரும்பகுதி, ஜெஃபர்சன் மறுத்த பின் அதை நிர்வகித்த வேறொருவர் கையிலேயே கரைந்திருந்தது. அந்தப் பணத்தில் ஒரே ஒருவர்கூட விடுதலை ஆகவில்லை.

ஜெஃபர்சன் இறந்த மறு ஆண்டு, 1827 ஜனவரியில், கடனை அடைப்பதற்காக அவருடைய மான்டிசெல்லோ பண்ணையில் அடிமைகளை ஏலத்தில் நிறுத்தினார்கள். சுமார் 130 பேர். நண்பரே, அடுத்த கூட்டத்தில் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கைதட்டுகிறார்களா, பார்ப்போம்.