பாடம் அச்சேற வேண்டும்

தமிழகத் தொல்லியல் கழகம் அரசுத் துறையும் அன்று, பல்கலைக்கழகத்தின் கிளையும் அன்று. தஞ்சாவூரை இருப்பிடமாகக் கொண்டு 1991இல் தொடங்கிய இக்கழகத்தில் கல்வெட்டறிஞர்களும் இருக்கிறார்கள், விடுமுறை நாளில் புதர் விலக்கி நடுகல் தேடும் பள்ளி ஆசிரியர்களும் இருக்கிறார்கள். இவ்விரு சாராரும், கல்வெட்டுகளைப் பாடத்தோடு, அதாவது கல்லில் உள்ள முழு வாசகத்தோடு, வெளியிடும் ‘ஆவணம்’ என்ற ஒரே ஆண்டிதழில் எழுதுவதுதான் இதன் அடையாளம் என்று நான் கருதுகிறேன்.

இதன் அருமை, பழைய நிலையை அறிந்தவர்களுக்கே முழுதாகப் புரியும். ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் முதல் தொகுதி 1890இல் வெளிவந்தது. ஆனால் அதன் பிறகு படியெடுக்கப்பட்ட கல்வெட்டுகளில் ஏராளமானவை, பாடம் அச்சேறாமல் கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கையில் ஓரிரு வரிச் சுருக்கமாகவே நின்றுவிட்டன. அரசன் பெயரையும் கொடையையும் சுருக்கம் சொல்லிவிடும்; நிலத்தின் நான்கெல்லை, வாய்க்காலின் பெயர், கையெழுத்திட்டவர்களின் ஊர் ஆகியவற்றைப் பாடம்தான் சொல்லும். ஊர் வரலாறு எழுதுபவருக்கு வேண்டியவை இவையே.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவினர் 2006இல் கண்டறிந்த நடுகற்களில் ஒன்று, ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்கிறது. ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல். ‘ஊர்கொலை ஆகோள்’ எனத் தொல்காப்பியம், ஆநிரை கவரும் போரைப் பற்றிய வெட்சித் துறையில் குறிப்பிடும் அதே சொல், பழந்தமிழ் எழுத்தான தமிழியில் கல்லில் நிற்கிறது. நாளிதழ்ச் செய்தியில் ‘மிகப் பழமையான நடுகல்’ என்று மட்டும் படித்துக் கடந்துபோகிறவருக்கு இந்தச் சொல் கிடைப்பதில்லை.

ஆகவேதான், கண்டுபிடிப்பை அன்று மாலையே முகநூலில் அறிவித்து, வாசிப்பைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் இன்றைய வழக்கம் எனக்குக் கவலை தருகிறது. ஆர்வலர்களைக் குறைசொல்லவில்லை, அவர்கள் இல்லாவிட்டால் பல கற்கள் துணி துவைக்கும் கல்லாகவே தேய்ந்திருக்கும். ஆயினும் படியெடுத்து, வரி எண்ணிட்டு, சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டி, ஊரும் வட்டமும் குறித்து அச்சிட்டால்தான் இன்னொருவர் அதைச் சரிபார்க்கவோ மறுக்கவோ முடியும். திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சால் சுவரைத் தேய்ப்பதும், எழுத்துள்ள அதிட்டானத்தின்மேல் (கோயிலின் அடித்தளத்தின்மேல்) பளிங்குக்கல் பதிப்பதும் இன்னும் நடக்கும் நாட்டில், இந்த வேலை தள்ளிப்போடத் தக்கதன்று.

உங்கள் ஊர்க் கோயிலில், திருப்பணி தொடங்குமுன் இறைவனைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் பாலாலயம் செய்யப்போவதாகத் தெரிந்தால், அதற்கு முன்பே எழுத்துள்ள கல் ஒவ்வொன்றையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து, எந்தச் சுவர், எந்தப் பக்கம் என்று குறித்து, கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள்.